அவர்களின் ஒரு செட்டும் நம்முடைய இருபது செட்டும்

ஜிம்மில் சேர்ந்து ஆறு மாதம் ஆன எவருடைய கைப்பேசியையும் வாங்கிப் பார்த்தால், அதில் பாடிபில்டிங்கின் உச்சப் போட்டியான மிஸ்டர் ஒலிம்பியாவின் வெற்றியாளர் யாராவது ஒருவரின் வாராந்தரப் பயிற்சி அட்டவணை படமாகச் சேமிக்கப்பட்டிருக்கும். திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கால், வெள்ளி கை என்று பிரித்து, ஒவ்வொரு நாளுக்கும் ஐந்தாறு பயிற்சிகளும், ஒவ்வொரு பயிற்சிக்கும் நான்கு செட்டுகளும் (இடைவிடாமல் தூக்கி முடிக்கும் ஒரு சுற்றுதான் ஒரு செட்) எழுதப்பட்டிருக்கும். இதில் வியாழக்கிழமை மட்டும் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுவிடும் என்பது வேறு கதை. பல ஆண்டுகளாக எடை தூக்கிவரும் சாதாரண ஆள் என்ற முறையிலும், இந்த விளையாட்டை விடாமல் கவனித்துவருபவன் என்ற முறையிலும் எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். தொழில்முறை பாடிபில்டர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்பவற்றிலேயே பயன் குறைந்தது அந்த அட்டவணைதான். அவர்கள் செய்பவற்றில் நமக்கு உதவக்கூடியவை எதுவும் அட்டவணையில் எழுதப்படுவதில்லை. அந்த அட்டவணையைப் பலிக்கச் செய்கிற மற்றவையோ நம்மிடம் கிடையாது, அவற்றில் சில இருக்கவும் கூடாது.

இதற்கான வலுவான சான்று மிஸ்டர் ஒலிம்பியா வரலாற்றிலேயே இருக்கிறது. 1965இல் பாடிபில்டிங் பத்திரிகை அதிபர் ஜோ வீடர் தொடங்கிய அந்தப் போட்டியில், 1992 முதல் 2005 வரையிலான 14 ஆண்டுகளில் பட்டம் வென்றவர்கள் இரண்டே பேர். முதல் 6 ஆண்டுகள் இங்கிலாந்தின் டோரியன் யேட்ஸ். அடுத்த 8 ஆண்டுகள் அமெரிக்காவின் ரோனி கோல்மன். ஒரே மேடை, ஒரே விதமான நடுவர்கள், ஒரே பட்டம். ஆனால் ஒருவர் பயிற்சி செய்த விதத்துக்கும் மற்றவர் செய்த விதத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

யேட்ஸ் பயிற்சி செய்தது பர்மிங்ஹாம் நகரில், தெருமட்டத்துக்குக் கீழே இருந்த டெம்பிள் ஜிம் என்ற இடத்தில். அதன் உரிமையாளரும் அவரே. கலிஃபோர்னியாவின் கடற்கரை வெயிலுக்கும் பத்திரிகை கேமராக்களுக்கும் வெகுதூரத்தில், பழைய இரும்பு நிரம்பிய நிலவறை அது. வாரத்துக்கு 4 நாட்கள், ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அவ்வளவுதான் அவருடைய எடைப் பயிற்சி. நாட்டிலஸ் இயந்திரங்களை உருவாக்கிய ஆர்தர் ஜோன்ஸும், அவர் வழியில் வந்த மைக் மென்ட்சரும் 1970களில் வலியுறுத்திய கருத்தை யேட்ஸ் தமக்கேற்ற வகையில் எடுத்துக்கொண்டார். செய்வது குறைவாக இருக்க வேண்டும், செய்வதை எல்லைவரை செய்ய வேண்டும் என்பதே அந்தக் கருத்தின் சாரம். எடையைப் படிப்படியாகக் கூட்டி ஓரிரு வார்ம் அப் செட்டுகள் போட்ட பிறகு, ஒரு பயிற்சிக்குக் கணக்கில் சேரும் செட் அவருக்கு ஒன்றே ஒன்றுதான். அந்த ஒரு செட்டில், இனி ஓர் அங்குலம்கூட நகராது என்ற நிலை வரும்வரை சென்று, அதன் பிறகு உடனிருப்பவர் விரல் நுனியால் தரும் உதவியோடு இன்னும் ஒன்றிரண்டு ரெப்புகள் எடுப்பார் (எடையை ஒருமுறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்). அப்போதும் எடையைப் போட்டுவிடாமல் மெதுவாகவே இறக்குவார். ஒரு தசைக்கு இப்படி மூன்று நான்கு பயிற்சிகள் முடிந்தால், அந்தத் தசையை ஏறத்தாழ ஒரு வாரத்துக்குத் தொடுவதில்லை.

அவரைப் பற்றி எல்லோரும் பேசுவது அந்தக் கடைசி ரெப்பில் முகம் கோணும் காட்சியைத்தான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவருடைய நோட்டுப் புத்தகங்கள். பயிற்சியைத் தொடங்கிய 1980களின் முற்பகுதியிலிருந்தே, எந்தப் பயிற்சியில் எத்தனை எடை, எத்தனை ரெப், அன்று உடல் எப்படி இருந்தது, என்ன சாப்பிட்டார் என்பதையெல்லாம் எழுதிவைத்தவர் அவர். ஒவ்வொரு முறை ஜிம்முக்குள் நுழையும்போதும் தாண்ட வேண்டிய எண் எதுவென்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். ஐந்தாறு வாரம் முழு மூச்சாகச் செய்தபின் இரண்டு வாரம் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்துக்கொள்வதும் அவருடைய திட்டத்தின் பகுதி. பாதாளத்தில் உறுமிக்கொண்டிருந்த மனிதர் என்று சித்திரிக்கப்பட்டவர் உண்மையில் ஒரு கணக்குப்பிள்ளைக்குரிய ஒழுங்கோடு வேலை செய்தவர்.

கோல்மன் வேறு வகை. கிராம்ப்ளிங் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படித்துவிட்டு, டெக்சாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன் நகரில் காவலராகப் பணியில் சேர்ந்தவர். 1998இல் முதல் பட்டத்தை வென்றபோதும் அந்த வேலையை விடவில்லை. அவர் பயிற்சி செய்த மெட்ரோஃப்ளெக்ஸ் ஜிம்மில் ஏசி கிடையாது; டெக்சாஸ் கோடையில் அது எப்படி இருந்திருக்கும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு 6 நாட்கள், ஒவ்வொரு தசைக்கும் வாரத்தில் இரண்டு முறை, ஒரு தசைக்கே பல பயிற்சிகள், ஒவ்வொன்றிலும் பல செட்டுகள் என்பது அவருடைய முறை. 800 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 363 கிலோ எடையை முதுகில் சுமந்து இரண்டு முறை உட்கார்ந்து எழுந்து ஸ்குவாட் செய்த அவருடைய காணொளியைப் பார்க்காதவர்கள் இந்த வட்டாரத்தில் இருக்க முடியாது. ஆனால் அந்த இரண்டு ரெப் அவருடைய வாடிக்கை அல்ல, விதிவிலக்கு. பெரும்பாலான நாட்களில் அவர் செய்தது பத்துப் பன்னிரண்டு ரெப்புகள்தான். எடை மட்டும் மற்றவர்கள் ஒரே ஒருமுறை தூக்கக் கனவு காண்கிற எடையாக இருந்தது.

இந்த இருவரோடு பட்டியலை நிறுத்திக்கொள்ளவும் முடியாது. 1970களில் வெனிஸ் கடற்கரையருகே கோல்ட்ஸ் ஜிம்மில் ஆர்னால்டு ஸ்வார்ஸ்நெக்கர் காலை, மாலை இருவேளையும் பயிற்சி செய்து ஒரு தசைக்கு இருபது செட்டுகளுக்கு மேல் போட்டவர். 1984 முதல் 1991 வரை 8 பட்டங்களை வென்ற லீ ஹேனி, தசையைத் தூண்டினால் போதும், அழித்துவிட வேண்டியதில்லை என்பதையே தம் கொள்கையாகச் சொல்லிவந்தார். பெரிய காயம் எதுவும் இல்லாமல் ஓய்வு பெற்ற மிகச் சிலருள் அவரும் ஒருவர். 2011 முதல் 7 ஆண்டுகள் வென்ற ஃபில் ஹீத், பயிற்சியாளர் ஹானி ராம்போட் வகுத்துத் தந்தபடி, ஒரு தசையின் கடைசிப் பயிற்சியாக அரை நிமிட, முக்கால் நிமிட இடைவெளிகளில் ஏழு செட்டுகளைத் தொடர்ச்சியாகப் போட்டு முடிப்பவர். இத்தனை பேரும் வென்றிருக்கிறார்கள் என்றால், வெற்றியின் காரணம் செட்டுகளின் எண்ணிக்கையில் இல்லை என்பது தெளிவு. எந்த அட்டவணை சிறந்தது என்று இணையத்தில் ஆண்டுக்கணக்காக நடக்கும் சண்டை, தவறான இடத்தில் நடக்கும் சண்டை.

அப்படியானால் இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது என்ன? முதலில் தெரிவது, ஒரு செட் என்று அவர்கள் சொல்வதும் நாம் சொல்வதும் ஒன்றல்ல என்பது. எடைப் பயிற்சியில் ஏற்கெனவே பழக்கமுள்ள 160 ஆண்களிடம், பெஞ்சில் படுத்தபடி எடையை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் நீங்கள் வழக்கமாகப் பத்து ரெப்புக்குப் போடும் எடையைத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்லி, பிறகு அதே எடையை முடியாத நிலை வரும்வரை தூக்கச் சொன்ன ஆய்வு ஒன்று உண்டு. அவர்கள் தூக்கியது சராசரியாக 16 ரெப். பத்து என்று நினைத்துக்கொண்டு பத்தில் வைத்துவிட்டுப் போகும் செட்டில், தசைக்கு இன்னும் ஆறு ரெப் மீதம் இருந்திருக்கிறது. தசை வளர்ச்சிக்குப் பெரிதும் பயன்படுவது, வேகம் தானாகக் குறைந்து எடை கனக்கத் தொடங்கும் கடைசிச் சில ரெப்புகள்தான். அந்த இடத்துக்குள் நுழையாமலேயே இருபது செட்டுகளை முடித்துவிட்டு, மார்பு வளரவில்லை, இருபத்தைந்தாக்கலாமா என்று மாஸ்டரிடம் கேட்கிறோம்.

இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். எங்கள் ஜிம்மில் ஒரு தம்பி 12.5 கிலோ டம்பெல்லை வைத்துக்கொண்டு தோளுக்கு எப்போதும் பன்னிரண்டு ரெப் செய்வான். ஒருநாள் நானும் இன்னொருவரும் பக்கத்தில் நின்றுகொண்டு, எண்ணுவதை எங்களிடம் விட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டே இரு என்று சொன்னோம். பன்னிரண்டைத் தாண்டி, கைகள் நடுங்கத் தொடங்கி, கடைசியில் டம்பெல் காதுக்கு மேலே போக மறுத்தபோது எண்ணிக்கை இருபதுக்குப் பக்கத்தில் இருந்தது. சிறிது நேரம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, ரேக்கிலிருந்த அடுத்த ஜோடியை எடுத்துக் கையில் பிடித்துப் பார்த்தான்.

இதற்கு நேர்எதிரான தவறும் இருக்கிறது. அதுதான் திங்கள் மாலையில் கூட்டமாக நடப்பது. பெஞ்ச் பிரஸ்ஸில் தன்னால் முடிந்ததைவிட ஒரு ஜோடி பிளேட் கூடுதலாகப் போட்டுக்கொண்டு ஒருவர் படுத்திருப்பார். தலைப்பக்கம் நிற்கும் நண்பர் 'சப்போர்ட்' தருவதாகச் சொல்லி, முதல் ரெப்பிலிருந்தே பாரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார். கீழே இருப்பவருக்கு அது மார்புப் பயிற்சி. மேலே இருப்பவருக்கு அது குனிந்து எடையை இழுத்துத் தூக்கும் டெட்லிஃப்ட். பார் மார்பைத் தொடாமலேயே பாதி வழியில் திரும்பிவிடும். யேட்ஸின் நிலவறையிலும் உதவிக்கு ஆள் நின்றார் என்பது உண்மைதான், ஆனால் தாமாகச் செய்யக்கூடிய கடைசி ரெப்பையும் யேட்ஸ் செய்துமுடித்த பிறகுதான் அந்த ஆளின் விரல்கள் பாரைத் தொட்டன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். நகல் எடுப்பதில் உள்ள சிக்கலே இதுதான்.

மேடையேறுகிறவர்கள் எடையைக் கையாளும் விதத்தை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. மாநில அளவிலான ஆணழகன் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒருவர் சில மாதங்கள் நாங்கள் செல்லும் நேரத்திலேயே வந்துகொண்டிருந்தார். தொழில்முறைப் போட்டிகளுக்குத் தகுதி தரும் அட்டை பெற்றவர் அல்லர், ஆனால் பயின்ற மரபு அதுதான். பக்கவாட்டில் கைகளைத் தூக்கும் தோள் பயிற்சிக்கு, எங்களில் பலர் இடுப்பை ஆட்டி 15 கிலோவை வீசிக்கொண்டிருக்க, அவர் 7.5 கிலோவை எடுத்துக்கொண்டு, கண்ணாடிக்குச் சற்றுப் பக்கவாட்டாக நின்று, உடம்பை லேசாக முன்சாய்த்து, முழங்கையை முதலில் உயர்த்தி மேலே ஒரு நொடி நிறுத்தி, பிறகு ஏற்றியதைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்து இறக்குவார். பதினைந்தாவது ரெப்புக்குள் அவருடைய தோள்பட்டையின் பக்கவாட்டுத் தசையில் நரம்புகள் புடைத்துக் கிளம்பும். கழுத்தருகே இருக்கும் தசை அசையவே அசையாது. எங்களுக்கு நேர்மாறாக, கழுத்துதான் முதலில் வலிக்கும். செட்டுகளுக்கு இடையில் அவர் கைப்பேசியைத் தொட்டதில்லை, யாரோடும் பேசியதுமில்லை. அவரிடம் பேச்சுக்கொடுக்க விரும்பியவர்கள் பார்க்கிங்கில் காத்திருந்தார்கள்.

கவனத்தைத் தசையின்மேல் வைப்பது வெறும் நம்பிக்கை என்று நானும் நினைத்துக்கொண்டிருந்த விஷயம்தான். தசை வளர்ச்சி ஆய்வாளர் பிராட் ஷோன்ஃபெல்ட் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகப் பயிற்சி தொடங்கிய கல்லூரி மாணவர்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவிடம் தசையைச் சுருக்குவதில் கவனம் வைக்கவும், மற்றதிடம் எடையை மேலே கொண்டுசெல்வதில் கவனம் வைக்கவும் சொன்னார்கள். எட்டு வாரங்களில் முதல் குழுவின் பைசெப்ஸ், அதாவது மேல்கையின் முன்பக்கத் தசை, 12.4 சதவீதமும், மற்றதன் பைசெப்ஸ் 6.9 சதவீதமும் தடித்தன. தொடைத் தசையில் இப்படி ஒரு வேறுபாடு தென்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கை, தோள் போன்ற சிறிய தசைகளுக்கு எடையைவிட அதை நகர்த்தும் விதமே முக்கியம் என்று அந்த ஆணழகன் செய்துகாட்டியதோடு இது பொருந்திப்போகிறது.

இதுவரை சொன்னவை நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை. இனி வருவது எடுத்துக்கொள்ள முடியாதது. தொழில்முறை வீரருக்குப் பயிற்சி என்பது நாளின் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோதான். மீதமுள்ள நேரம் முழுவதும் அந்த ஒரு மணி நேரத்துக்காக ஏற்பாடு செய்யப்பட்டிருக்கும். நாளுக்கு ஆறேழு வேளை எடைபோட்டுச் சாப்பிடும் உணவு, மதியத் தூக்கம், காலையில் வெறும் வயிற்றில் நடை, வாரந்தோறும் தசையைப் பிடித்துவிடும் ஆள், உணவைத் தீர்மானிக்க ஒரு பயிற்சியாளர் என்று அது ஒரு முழுநேர வேலை. மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வென்ற ஜே கட்லர் நடு இரவில் எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுப்பதைத் தம் வழக்கமாகவே வைத்திருந்தார். நாமோ எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, ஒரு மணி நேரம் பேருந்தில் நின்றுவிட்டு, மதியம் சாப்பிட்ட சாம்பார் சாதத்தின் மிச்ச சக்தியோடு ஏழு மணிக்கு ஜிம்முக்கு வருகிறோம். கட்லரின் முப்பது செட் முதுகுப் பயிற்சியை இந்த உடம்பு எந்தக் கணக்கில் தாங்கும்?

பேசத் தயங்குகிற அடுத்த விஷயம் ஊசி. எங்கள் ஜிம்களில் 'கோர்ஸ் போடுவது' என்ற பெயரில் தாழ்ந்த குரலில் பேசப்படும் இதைத் தவிர்த்துவிட்டு, தொழில்முறை பயிற்சியைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. யேட்ஸ் ஓய்வுபெற்ற பிறகு தாம் ஸ்டெராய்டு பயன்படுத்தியதைப் பற்றி வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். அது பயிற்சியின் கணக்கையே எப்படி மாற்றுகிறது என்பதற்கு ஷலேந்தர் பாசின் குழுவினர் 1996இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்ட ஆய்வை இன்றும் யாரும் தாண்டிச் செல்ல முடியவில்லை. 43 ஆண்கள், 10 வாரங்கள். சிலருக்கு வாரத்துக்கு 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன், சிலருக்கு வெறும் போலி ஊசி. இரண்டு தரப்பிலும் பாதிப் பேர் எடை தூக்கினார்கள், பாதிப் பேர் தூக்கவில்லை. போலி ஊசியோடு முறையாகப் பயிற்சி செய்தவர்களின் கொழுப்பற்ற எடை ஏறத்தாழ 2 கிலோ கூடியது. மருந்தை எடுத்துக்கொண்டு எந்தப் பயிற்சியும் செய்யாமல் இருந்தவர்களுக்கு 3 கிலோவுக்குச் சற்று மேல் கூடியது. மருந்து, பயிற்சி இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 6 கிலோ. சும்மா உட்கார்ந்திருந்தவர், வியர்வை சிந்தியவரை முந்திவிட்டார். மேடையேறும் தொழில்முறை வீரர்கள் எடுத்துக்கொள்ளும் அளவு அந்த ஆய்வில் தரப்பட்டதோடு நிற்பதில்லை. வளர்ச்சி ஹார்மோனும் இன்சுலினும்கூட அதோடு சேர்கின்றன.

இதனால் அவர்கள் உழைப்பதில்லை என்று பொருளல்ல. மருந்து எடுத்துக்கொள்ளும் ஆயிரம் பேரில் ஒருவர்கூட கோல்மன் ஆவதில்லை. ஆனால் அட்டவணையைப் பொறுத்தவரை இதற்கு நேரடியான விளைவு உண்டு. எடை தூக்கியபின் தசையில் புரதம் சேரும் வேகம் சாதாரண உடலில் ஒன்று முதல் இரண்டு நாள் வரை உயர்ந்திருந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. திங்களன்று மார்புக்கு இருபது செட் போட்டவருக்குப் புதன்கிழமையோடு அந்தத் தூண்டுதல் அடங்கிவிடும். அடுத்த திங்கள்வரை மீதி நாட்கள் மார்பைப் பொறுத்தவரை வீண். மருந்தின் துணையுள்ள உடலில் தசை கட்டும் வேலை வாரம் முழுவதும் நடந்துகொண்டே இருப்பதால், வாரம் ஒருமுறை தொட்டாலும் அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. நாம் நகலெடுக்கும் ஐந்து நாள் அட்டவணை, உண்மையில் நமக்குத்தான் பொருத்தம் குறைவு. அதே இருபது செட்டைப் பன்னிரண்டாகக் குறைத்து, ஆறாறாகப் பிரித்து, வாரத்தில் இரண்டு நாள் செய்தால், ஒவ்வொரு செட்டும் களைப்பில்லாமல் தரமாகவும் அமையும்.

பிறப்பிலேயே அமைவதும் ஒன்று இருக்கிறது. 2005இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 585 ஆண்களும் பெண்களும் 12 வாரங்கள் ஒரு கைக்கு மட்டும் ஒரே மாதிரியான பயிற்சியைச் செய்தார்கள். ஒருவருக்கு பைசெப்ஸ் 59 சதவீதம் பெருத்தது. இன்னொரு கோடியில் இருந்தவருக்கு 2 சதவீதம் குறைந்தது. ஒரே பயிற்சி, ஒரே கால அளவு. கோல்மன் எந்த ஜிம்முக்குச் சென்றிருந்தாலும், எந்த அட்டவணையைப் பின்பற்றியிருந்தாலும் ஊரிலேயே பெரிய உடம்புக்காரராகத்தான் இருந்திருப்பார். வெற்றியாளரைப் பார்த்து அவருடைய முறையைக் கற்றுக்கொள்வதில் உள்ள ஓட்டை இது: அதே முறையைப் பின்பற்றி ஒன்றும் ஆகாமல் போனவர்களைப் பத்திரிகை அட்டைகளில் நாம் பார்ப்பதில்லை.

எடுத்துக்கொள்ளக் கூடாதவை என்று தொடக்கத்தில் சொன்னதற்கு வருகிறேன். யேட்ஸ் 1994இல், உள்ளங்கை மேல்நோக்கியிருக்கப் பாரைப் பிடித்து முதுகுப் பயிற்சி செய்தபோது இடது பைசெப்ஸைக் கிழித்துக்கொண்டார். அப்படியும் அந்த ஆண்டுப் பட்டத்தை வென்றார். 1997இல் போட்டிக்குச் சில வாரங்களே இருந்தபோது மேல்கையின் பின்பக்கத் தசையான டிரைசெப்ஸ் கிழிந்தது. அதோடும் மேடையேறி வென்றுவிட்டு ஓய்வு பெற்றார். கோல்மனுக்கு முதுகெலும்பிலும் இடுப்பிலும் பத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் நடந்துள்ளன. இரண்டு இடுப்பு மூட்டுகளும் மாற்றப்பட்டன. இன்று அவர் நடமாடுவது ஊன்றுகோல்களின், சக்கர நாற்காலியின் உதவியோடு. இதில் வருத்தம் உண்டா என்று கேட்டபோது, அந்த 800 பவுண்டு ஸ்குவாட்டில் நான்கு ரெப் செய்யும் வலு இருந்தும் இரண்டோடு நிறுத்திவிட்டதுதான் தம் வருத்தம் என்று அவர் சொல்லியிருக்கிறார். உச்சத்தில் இருப்பவர்களின் மனம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் பதில்தான் அது. மாதத் தவணை கட்டிக்கொண்டு, வீட்டில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டிருப்பவர் பின்பற்றுவதற்கான பதில் அல்ல.

கிழியும் தசையையாவது தைத்துவிடலாம். இத்தாலியின் பதுவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005 முதல் 2020 வரை போட்டிகளில் பங்கேற்ற 20,286 ஆண் பாடிபில்டர்களின் விவரங்களைத் திரட்டி 2025இல் வெளியிட்டார்கள். அவர்களில் 121 பேர் இறந்திருந்தார்கள். இறக்கும்போது அவர்களின் சராசரி வயது 45. அந்த மரணங்களில் 38 சதவீதம் திடீரென இதயம் நின்றுபோனதால் ஏற்பட்டவை. அப்படி இறக்கும் அபாயம், அமெச்சூர் வீரர்களைவிடத் தொழில்முறை வீரர்களுக்கு ஐந்து மடங்குக்கும் மேல். 2018இல் மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வென்ற ஷான் ரோடன் 2021இல் 46 வயதில் இறந்தார். 2017இல் இறந்த டல்லஸ் மெக்கார்வருக்கு வயது 26. மருந்துகளோடு, அளவுக்கு மீறிய உடல் எடையும், போட்டிக்கு முன் நீரை வற்றவைக்கும் கடுமையான முறைகளும் சேர்ந்து இதயத்தை இந்த நிலைக்குத் தள்ளுகின்றன. 'ஒரே ஒரு கோர்ஸ்தான் அண்ணா, கல்யாணத்துக்கு முன்னாடி போட்டுட்டு விட்டுடுவேன்' என்று சொல்பவர்களிடம் நான் வாதம் செய்வதை நிறுத்திவிட்டு, இந்த எண்களை மட்டும் காட்டிவிடுகிறேன்.

சாதாரணமாக எடை தூக்குபவருக்குத் தொழில்முறை வீரரிடம் இல்லாத ஒரு வசதியும் உண்டு, அதை யாரும் மதிப்பதில்லை. இருபது ஆண்டுகள் பயிற்சி செய்து உடலின் எல்லையைத் தொட்டுவிட்ட ஒருவருக்கு, ஓர் ஆண்டில் ஒரு கிலோ தசை கூடினாலே பெரிய வெற்றி. அதனால்தான் அவர்கள் ஒரே தசைக்கு ஐந்து கோணங்களில் கேபிளும் இயந்திரமும் தேடுகிறார்கள்; மேடையில் நடுவர் பார்க்கப்போகும் ஒரு சிறு பள்ளத்தை நிரப்ப அவர்களுக்கு அது தேவை. முதல் ஓரிரு ஆண்டுகளில் இருப்பவருக்கோ ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட், ரோயிங், புல் அப்ஸ், தோளுக்கு மேலே தூக்கும் பிரஸ் ஆகிய ஆறும் தலை முதல் கால்வரை வேலை செய்துவிடும்; வாராவாரம் எடையும் கூடும். அந்தப் பொற்காலத்தில் ஸ்குவாட் ரேக்கைக் காலியாக விட்டுவிட்டு, மேல் மார்பின் உள்பக்கத்துக்கு என்ன செய்யலாம் என்று யோசிப்பவர்களைப் பார்த்தால், எதுவும் சொல்லாமல் இருப்பது எனக்குக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கிறது.

என்னுடைய பயிற்சியில் யேட்ஸிடமிருந்து மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று என் பையில் எப்போதும் இருக்கிறது; அதில் எடையும் ரெப்பும் தவிர, அன்று முழங்கால் எப்படி இருந்தது என்பதற்கும் ஒரு பத்தி உண்டு. கால் பிரஸ், கேபிள் ரோயிங், பைசெப்ஸ் கர்ல் போன்ற ஆபத்தில்லாத பயிற்சிகளில் கடைசிச் செட்டை மட்டும் முடியாத நிலைவரை கொண்டுசெல்கிறேன். ஸ்குவாட்டிலும் டெட்லிஃப்ட்டிலும் இரண்டு ரெப் மீதம் இருக்கும்போதே பாரை வைத்துவிடுகிறேன். ஏழெட்டு வாரத்துக்கு ஒருமுறை, எல்லா எடைகளையும் பாதியாகக் குறைத்து ஒரு வாரம் ஓட்டுகிறேன். அந்த வாரத்தில் யாராவது வந்து, என்ன அண்ணா உடம்பு சரியில்லையா என்று கேட்காமல் இருப்பதில்லை. கோல்மனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, வேலை முடித்துக் களைத்து வந்தாலும் ஜிம்முக்குப் போய்விடுவது ஒன்றைத்தான். அவருடைய எடைகளை அவருக்கே விட்டுவிட்டேன்.